யாருடையது

ஆத்தங்குடியில் டைல் பட்டறையில்
மணல் சலிக்கிறவன் நான்.
கண்ணாடி மேல் நிறம் ஊற்றுகிறவனைப்
படம் பிடிக்க ஆள் வரும்.
என்னிடம் சல்லடை மட்டும்.

அன்று காலை
குவியலில் கைவிட்டதும்
மூக்குக்குத் தெரிந்தது முதலில்,
பிறகு விரலுக்கு.
மூடியும் மூடாமல்
மஞ்சளாய், கூழாய், சளி இழையோடு.
செத்த எலியை மோரில் ஊறப்போட்டால்
வரக்கூடிய வாடை.
மூன்று முறை சோப்புப் போட்டேன்.
மதியம் தூக்குவாளியைத் திறக்கவில்லை.

முதலாளி சாத்தப்பன் சொன்னார்:
"சாக்கு இருக்கு.
குன்றக்குடிப் பக்கம் விட்டுட்டு வா."
ஐந்தும் ஓட்டின் மேலிருந்து
கேட்டுக்கொண்டிருந்தன.
யாரும் வளர்க்காதவை.
கிட்டே போனால் கிழிப்பவை.

இந்த ஐந்து போனால்
வேறு ஐந்து வரும், மணல் இருக்கும்வரை.
அது கணக்கு.
இரக்கம் பிறகுதான் வந்தது,
பாதிவால் முக்கி முக்கி உட்கார்ந்து
எழுந்து
இரண்டடி நடந்து
மறுபடி உட்கார்ந்ததைப் பார்த்தபோது.
தேவகோட்டை பஸ்ஸில் ஒருமுறை
நானும் அப்படி இருந்திருக்கிறேன்.

தைல டப்பாவைக் கழுவி
அதில் கொஞ்சம் எடுத்துக்கொண்டு
பள்ளத்தூர் கால்நடை மருந்தகத்தில்
ஆடுகளுக்கு நடுவே நின்றேன்.
டாக்டர் ஜெசிந்தா மூடியைத் திறந்தார்.
மூடினார்.
"எந்தப் பூனையோடது?"
"தெரியாது."
"எத்தனை பூனை?"
"அஞ்சு."
"என்ன திங்குது?"
கல்யாண மண்டபத்து இலை,
மெஸ்காரர் வீசும் மிளகுக்குழம்பு எலும்பு,
நிறம் கலக்கும் மீனாள் வைக்கும் பால்.
"பாலை நிறுத்து. காரம் கூடாது. எண்ணெய் கூடாது."
"செட்டிநாட்டுல வேற என்ன டாக்டர் இருக்கு?"
அவர் சிரிக்கவில்லை.

கண்ணாடித் துண்டில் ஒரு பொட்டு தடவி
என்னையும் பார்க்கச் சொன்னார்.
இரண்டு கண் வைத்த பேரிக்காய்கள்
நீந்திக்கொண்டிருந்தன,
என்னையே பார்த்தபடி.
"உனக்கும் ஒட்டும். கையைக் கழுவு.
முதல்ல யாருதுன்னு கண்டுபிடி."

நிறம் எங்கள் தொழில்.
உப்பில்லாமல் அவித்த கோழியைப் பிய்த்து
சிமென்ட்டுக்குக் கேரட் துருவல்,
காவிக்குப் பீட்ரூட்,
கரிச்சட்டிக்குப் பச்சைப்பட்டாணித் தோல்,
பாதிவாலுக்கு ஒன்றும் கலக்காமல்.
சுண்ணாம்பிக்கு நாலு சோளமுத்து.
உடைந்த டைல் ஐந்து, ஐந்து மூலையில்.
தின்று முடிக்கும்வரை தள்ளி நின்று
மிச்சத்தை எடுத்துவிட வேண்டும்.
இல்லாவிட்டால் நிறம் மாறிப்போகும்.

மறுநாள் சிவப்பாய் ஒன்றைப் பார்த்து
ரத்தம் என்று
முதலாளி வீட்டு வாசல்வரை ஓடி,
அங்கே நின்று
பீட்ரூட்டை நினைத்துக்கொண்டேன்.
"என்னடா?" என்றார்.
"ஒண்ணுமில்ல."

வாடை பாதிவாலுடையது. காவியுடையதும்.
மருந்து எல்லாருக்கும்தான் என்றார் டாக்டர்,
எடைக்கு இவ்வளவு என்று.
தொடவே முடியாததை எப்படி நிறுப்பது?
சிமென்ட் மூட்டையோடும்
செங்கல்லோடும் ஒப்பிட்டுக்
கண்ணால் நிறுத்தேன்.
மாத்திரையைப் பொடித்து மீனில் ஒளித்தேன்.
வேகவைத்த பரங்கிக்காய் ஒரு கரண்டி மேலே.
காவி பரங்கியை மட்டும் நக்கிவிட்டு
மீனை ஒதுக்கியது ஒருநாள்.
அந்தக் கழுதைக்கு மறுபடி முதலிலிருந்து.

நல்ல மணலுக்குத் தார்ப்பாய் போட்டேன்.
கொல்லையில் அவற்றுக்கென்று ஒரு குவியல்.
தினம் அள்ளிப் புதைத்துக்
கரண்டிக்குக் கொதிநீர்.

பதினோராம் நாள்
கொல்லைக் குவியலில்
மண்ணில் புரட்டிய மூன்று துண்டு,
கெட்டியாய், கருப்பாய்.
குனிந்து மோந்தேன்.
பூனைப்பீ வாடைதான், அவ்வளவுதான்.
மீனாளைக் கூப்பிட்டேன்.
"இதுக்கா கூப்பிட்டே?" என்றாள்,
ஆனாலும் குந்தி உட்கார்ந்து பார்த்தாள்.
பாதிவால் சுவர் மேலிருந்து
என்னைப் பார்த்துச் சீறியது.

சுண்ணாம்பி மட்டும்
மருந்து வைத்த அன்றிலிருந்து வரவில்லை.
தாமரை போட்ட அதன் டைலை
இன்னமும் அந்த மூலையில் வைக்கிறேன்.
காலையில் எறும்பு.

மணல் இப்போது சுத்தம்.
ஆனாலும் கை
உள்ளே இறங்குமுன்
ஒரு நொடி நிற்கிறது.